அப்பா நிறுத்திய இடம்

தம்பி,

ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இடத்தில் அம்மா தமிழில் எழுதுகிறாளே என்று நீ தலையில் கைவைத்துக்கொள்வாய். வைத்துக்கொள். நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து காசு வாங்காமல் வளர்க்கிற, நிரல் எழுதும் அந்த எடிட்டருக்கான பொதுப் பக்கத்தில் நீதானே ஒரு கேள்வி போட்டாய்? ஒருவர் நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது விரல் நின்றால், அடுத்து வர வேண்டியதைக் கோட் அசிஸ்ட் எடுத்துக் கொடுப்பதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்றும் போட்டிருந்தாய். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கண் இமைக்கிற நேரத்தைக் கூறுபோட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் என்பதில் நானும் சேர்த்திதான். கல்லூரி லேபில் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர்கள் விரல் ஓடுவதையும் நிற்பதையும் பார்த்தே தலை நரைத்தவள் நான். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்ல உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், உன் நிச்சயதார்த்தத்தன்று நீ செய்ததையும் சொல்ல வேண்டும். போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, புரியுதும்மா" என்று பாதியிலேயே நீ முடித்து வைத்துவிடுவாய். எழுதிவிட்டால் கடைசி வரி வரைக்கும் வந்துதான் ஆக வேண்டும்.

வெளியார் யாராவது மொழிபெயர்த்துப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். நாங்கள் இருப்பது ராஜபாளையம், பெண் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் மாப்பிள்ளையின் அப்பா பரியத் தட்டை இரண்டு கையிலும் ஏந்தி, பெண்ணின் அப்பாவைப் பார்த்து, சபை கேட்க, "பரியம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். பரியம் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு வைக்கிற சீர். அதைச் சொல்லித் தட்டை மாற்றிக்கொண்டால் ஊரறிய நிச்சயம் முடிந்தது. உன் அப்பா தட்டை ஏந்தி நின்றார். வலது கை இன்னும் சரியாக வராததால் அடியில் நான் ஒரு கை கொடுத்திருந்தேன். "பரியம் உங்களுக்கு" என்றார், கணீரென்று. அதோடு நின்றுவிட்டார். பக்கவாதம் வந்து, பேச்சு போய், பாதி திரும்பி வந்த மனிதர் இன்றைக்குச் சபையில் மாட்டிக்கொண்டாரே என்று ஒவ்வொரு முகமும் தவித்தது. நீ பின்னால் நின்றாய். செத்த நேரம் பொறுத்துப் பார்த்தாய். பிறகு பொறுக்க மாட்டாமல் "பொண்ணு எங்களுக்கு" என்று நீயே சொல்லி முடித்தாய். எல்லாரும் அப்பாடா என்று சிரித்தார்கள். மீதி இரண்டு தடவையையும் உன் தாய்மாமன் முன்னால் வந்து சொல்லிவிட்டான். தட்டு மாறியது, சந்தனம் கொடுத்தார்கள், பந்தியில் உட்கார்ந்தோம்.

அன்றிலிருந்து நீ அப்பாவிடம் பேசுவதில்லை. பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "அப்பா சாப்பிட்டாங்களா, மாத்திரை போட்டாங்களா" என்று என்னிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். எதனால் என்று எனக்குத் தெரியாதா? நிவேதாவுக்கு எங்கோ பனி விழுகிற தேசத்தில் வேலை. கல்யாணம் முடிந்ததும் அவளோடு நீயும் கிளம்புகிறாய், உன் வேலையை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று. பெண்ணைப் பையன் கூட்டிப்போவதுதான் நம் பக்கத்து வழக்கம். பெண்ணின் பின்னால் பையன் போகிறான் என்றதும் சொந்தக்காரர்கள் வாயில் அவல் விழுந்தது. "பொண்ணு எடுக்கப் போயி பையனக் குடுத்துட்டு வாராக" என்று பந்தியிலேயே ஒருத்தி சொன்னாள், உன் காதிலும்தான் விழுந்தது. நீ போகிற சேதியை அப்பாவிடம் முதலில் சொன்ன அன்று அவர் "நீ…" என்று ஆரம்பித்து, மேலே வராமல், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த "நீ"க்குப் பின்னால் "போகாதே" என்று நீயாகவே போட்டுக்கொண்டாய். நிச்சயத்தில் அவர் நின்றதற்கும் "எனக்கு இதில் இஷ்டமில்லை" என்று நீயாகவே போட்டுக்கொண்டாய். தையில் கல்யாணம், மாசியில் விமானம். நீயாகப் போட்டுக்கொண்ட இந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு நீ விமானம் ஏறக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பாவின் பேச்சு எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்து, மில்லில் காவல் அதிகாரியாக உட்கார்ந்தவர். வாசலில் நின்று "ஏலே" என்றால் தெருவில் போகிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். போன வருஷம் ஐப்பசி மழையில் அந்தப் பேச்சு ஒரு காலை நேரத்தில் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீடு வேறு வீடாக இருந்தது. மேகம் மலையை விட்டு இறங்கி வந்து நம் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்ட மாதிரி எல்லாம் மங்கலாக, மெதுவாக நடந்தது. அவர் ஒரு சொல்லுக்கு வாயைத் திறப்பார். முதல் எழுத்து வரும். மீதி எங்கேயோ வந்துகொண்டிருக்கும். நான் வேகக்காரி என்பது ஊருக்கே தெரியும். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு முழுச் சொல்லையும் அவர் வாயில் திணித்துவிடுவேன். "த" என்றால் "தண்ணியா, தலையணையா, தலவலியா" என்று வரிசையாக அடுக்குவேன். அவர் களைத்துப்போய் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிவிடுவார். நானும் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பணிவிடை செய்வதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் மத்தியானம் அவர் கட்டிலிலிருந்து "மோ… மோ…" என்றார். மோர்தானே, இதற்கா இம்புட்டுப் பாடு என்று பெருங்காயம் போட்டு ஒரு செம்பு கொண்டுவந்து நீட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். குடித்தார். மறுபடியும் "மோ" என்றார். "அடேங்கப்பா, இன்னொரு செம்பா" என்று போய்க் கொண்டுவந்தேன். அதையும் குடித்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டாள்: "டீச்சரம்மா, மோட்டார் போட்டுட்டுத் தூங்கிட்டீகளா? உங்க டேங்க் வழிஞ்சு எங்க வத்தலெல்லாம் நனஞ்சு போச்சு." நான் ஓடி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், உன் அப்பா வயிறு முட்ட மோரைக் குடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். உடம்புக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன், பிறகு அடுப்படியில் போய் அழுதேன். வேண்டாத மோரை ஒரு மனிதர் எதற்கு இரண்டு செம்பு குடிக்க வேண்டும்? வேண்டியதைச் சொல்லி முடிப்பதைவிட, கொடுத்ததை வாங்கிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அந்த வாரமே லேபில் காளீஸ்வரி வந்து மாட்டினாள். கான்சாபுரத்திலிருந்து வருகிற பிள்ளை. வீட்டில் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். எந்த மரத்தில் எவ்வளவு காய் இறங்கியது, அதில் எவ்வளவு அணில் கடித்தது என்று பார்க்க ஒரு நிரல் எழுதப்போகிறேன் மேடம் என்று ஆசையாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். உங்கள் எடிட்டரைத்தான் எங்கள் லேபில் போட்டிருக்கிறோம், மகன் செய்கிற சாமான் என்கிற பெருமையில். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் திரையில் பரீட்சை மார்க் பட்டியல். "ஏட்டி, நீ மாங்காக் கணக்குல்ல எழுதப்போறேன்னு சொன்ன?" என்றேன். "நான் மாம்பழத்துக்கு இங்கிலீஷ்ல முதல் ரெண்டு எழுத்துதான் அடிச்சேன் மேடம். அதுக்குள்ள அது மார்க்குன்னு எடுத்துக் குடுத்துச்சு. அடுத்த வரியும் அதுவே குடுத்துச்சு. அதுக்குத் தெரியாமலா சொல்லும்னு டேப்பை அமுக்கிட்டே வந்துட்டேன்" என்றாள். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான். ஒருவர் வலிய வந்து ஒன்றைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவர்கள். பந்தியில் இலையை மூடுகிற வரைக்கும் வைத்ததைத் தின்பது மாதிரி, அசிஸ்ட் வெளிறிய எழுத்தில் காட்டுவதையெல்லாம் டேப் விசையை அமுக்கி வாங்கிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் திரையில் இருப்பது யாரோ ஒருத்தருடைய நிரல், அவளுடைய மாமரங்களைக் காணோம்.

அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே உனக்குப் போன் போட்டுக் கத்தினேன், நினைவிருக்கிறதா? "பெரும்பாலானவங்க அந்த இடத்துல மார்க்குதாம்மா எழுதுறாங்க. அசிஸ்ட் என்ன பண்ணும்?" என்றாய். "பெரும்பாலானவங்களா வந்து என் லேப்ல உக்காந்திருக்காக? உக்காந்திருக்கது காளீஸ்வரிடா" என்றேன். நீ பேசாமல் இருந்தாய். என் மகனிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான், நியாயம் என்று பட்டால் வாயை மூடிக்கொள்வான். இந்த வருஷம் தீபாவளிக்கு வந்தபோது உன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறி லேபுக்கு வந்தாய். எந்தப் பிள்ளையிடமும் எதுவும் கேட்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் எழுதுவதையே பார்த்தாய். பிறகு வீட்டுக் கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துதான் அசிஸ்டைத் திருத்தினாய். உலகத்தார் வழக்கமாக எழுதுவதைக் கொண்டுவருவதற்கு முன், எழுதுகிற ஆள் அதே கோப்பில் ஏற்கெனவே என்னென்ன பெயர் வைத்திருக்கிறார் என்று பார்க்க வைத்தாய். முழு வரியையும் தூக்கிப் போடாமல் அடுத்த ஒரு சொல்லை மட்டும் காட்ட வைத்தாய். "அழித்துவிடவா" என்று கேட்கிற யோசனைகளை எப்போதும் பட்டியலின் அடியில் தள்ளினாய். நடுநடுவே நிமிர்ந்து, நான் அப்பாவுக்குச் சொல் எடுத்துக் கொடுப்பதைப் பார்ப்பாய். "அம்மா, கொஞ்சம் பொறுங்க. எழுத்து வந்த உடனே பாயாதீங்க" என்பாய். "நான் என்ன ஒன்னோட அசிஸ்டாடா, திருத்துறதுக்கு?" என்று கேட்டேன். "அதைவிட மோசம். உங்கள நிறுத்த ஒரு விசையும் இல்ல" என்றாய். அப்பா அதற்கும் சிரித்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும் அதையேதான் சொன்னாள். "சார் தேடிக்கிட்டு இருக்காங்க மேடம். தேடுறப்ப நீங்க ஒண்ண எடுத்து நீட்டுனா, அவங்க தேடுன சொல்லும் சேர்ந்து போயிரும்" என்றாள். அதனால் வாயை அடக்கப் பழகினேன். என்னை மாதிரி ஆளுக்கு அது எப்பேர்ப்பட்ட தவம் என்று உனக்குத் தெரியும். அவர் ஒரு சொல்லில் நின்றால் நான் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு மலையைப் பார்ப்பேன். நம் வீட்டு மாடியிலிருந்து சஞ்சீவி மலை பக்கத்தில் தெரியும், அதற்குப் பின்னால் மேற்கு மலை ஒன்றன்மேல் ஒன்றாக நீலத்தில் கரைந்து போகும். எது மலை, எது மேகம் என்று ஒரு நேரத்துக்கு மேல் பிரிக்க முடியாது. அப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கிறபோது, எனக்குப் பின்னால் அந்தச் சொல் தானாக வந்து சேரும். சில நாள் அது நான் நினைத்த சொல்லாகவே இருக்காது. "செ" என்பார், நான் செருப்பு என்று மனசுக்குள் முடித்து வைத்திருப்பேன், அவர் "செம்பகம் கத்துது" என்பார். ஆமாம், தென்னைமேல் செம்போத்து கத்திக்கொண்டிருக்கும். அதை எனக்குக் கேட்க வைப்பதற்காக அம்புட்டு நேரம் மெனக்கெட்டிருக்கிறார். நான் செருப்பை எடுத்துக் கொடுத்திருந்தால் வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் கல்லூரி விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியதும் சன்னலோரம் கிடைத்தது. சாரல் வேறு. கோபுரம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, எவ்வளவு தூரம் போனாலும் முழுசாக மறையாமல். எப்போது கண் அசந்தேனோ தெரியாது. கனவில் உன் அப்பா பேசிக்கொண்டே இருக்கிறார். பட்டாளத்தில் பனியில் காவல் நின்ற கதை, ஒரு கோவேறு கழுதை பாதை மறித்த கதை, ஏதேதோ. தங்குதடையே இல்லை. நான் எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக என் மடியில் கிடக்கிறாய், உனக்கும் மீசை இருக்கிறது, அதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. அவர் பேசப் பேச மழை பெய்கிற மாதிரி இருந்தது. நடத்துனர் தட்டி எழுப்பி, "எக்கா, ராஜபாளையம் வந்துருச்சு" என்றார். இறங்கி நின்று யோசித்தால் ஒரு சொல்கூட நினைவில் இல்லை. அவர் குரல் மட்டும் காதுக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்தேன். அவர் வாசலில் இடது கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "மழை… நனஞ்சியா" என்றார். அந்த இரண்டு சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போது நிச்சயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நிச்சயத்துக்குத் தேதி குறித்த நாளிலிருந்து உன் அப்பா தினமும் காலையில் மொட்டை மாடிக்குப் போய், மலையைப் பார்த்து நின்று, "பரியம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று சொல்லிப் பழகினார். ஆரம்பத்தில் திக்கியது. பிறகு படிந்துவிட்டது. வழக்கமாகச் சொல்கிற சொற்கள் இந்த நோய்க்காரர்களுக்குப் பாட்டு மாதிரி தானாக வந்துவிடும் என்று அந்தப் பயிற்சிப் பெண்ணும் சொல்லியிருந்தாள். நிச்சயத்தன்று காலையில்கூட நான் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று கேட்டேன். பிசிறில்லாமல் மூன்று தடவையும் சொன்னார். அப்படிப்பட்டவர் மண்டபத்தில் எதற்கு நின்றார்? சபையைப் பார்த்து மிரண்டுவிட்டார் என்றான் உன் மாமன். எத்தனை அணிவகுப்பில் நின்ற மனிதர், சந்தன வாசனைக்கா மிரளுவார்? எனக்கு அன்று வந்த கோபத்தில் உன்மேல், உன் மாமன்மேல், சிரித்த சபையின்மேல், எல்லார்மேலும் எரிச்சலாக இருந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நீ அவர் அவமானப்படக் கூடாது என்றுதான் சொன்னாய். கை நீட்டி அவரைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரிதான் சொன்னாய். பிறத்தியாருக்காக அசிஸ்டுக்குப் பொறுமை பழக்குகிறவன், பெற்ற அப்பா நின்றபோது பொறுக்க முடியாமல் போனது அன்பினால்தான். நானும் அந்த மோரை அன்பினால்தானே கொடுத்தேன்?

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெளியே வெயிலா மழையா என்று தெரியாத ஒரு வெளிச்சம். அவர் ஊஞ்சலில் இருந்தார், நான் கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அன்னைக்கு ஏன் நின்னீக? மறந்து போச்சா?" என்றேன். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைக்காயைத்தான் பார்த்தேன். ஊஞ்சல் சங்கிலி மட்டும் கிரீச்சிட்டது. நாக்கு நுனியில் எத்தனையோ சொல் வந்தது, எல்லாவற்றையும் விழுங்கினேன். நாளைக்கு வைத்திருந்த காயையும் எடுத்து நறுக்கினேன். "மறக்கல" என்றார். இன்னும் கொஞ்சம் காய் நறுக்கினேன். "மாத்த… மாத்திச் சொல்ல… நெனச்சேன்" என்றார்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன், தம்பி. மாட்டிக்கொண்டு நிற்கவில்லை அவர். பழகிய பாதி வரைக்கும் பாட்டு மாதிரி வந்தவர், மீதியைத் தன் சொந்தச் சொல்லில் சொல்ல நினைத்து, அதைத் தேடிப் போயிருக்கிறார். அவர் அதை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் வழக்கமான சொல் முந்திக்கொண்டது. காளீஸ்வரிக்கு மார்க் முந்திக்கொண்ட மாதிரியேதான். அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் என்ன சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், உனக்கும் எனக்கும் சபைக்கும் தெரியும். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"எப்படி மாத்தி?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு மேசைமேல் இருந்த என் லேப்டாப்பைக் கண்ணால் காட்டினார். எடுத்து அவர் மடியில் வைத்தேன். உங்கள் எடிட்டர்தான் திறந்திருந்தது, எழுத்தைப் பெரிதாக்கித் தமிழ் விசைக்கு மாற்றிக் கொடுத்தேன். இடது கையின் ஒற்றை விரலால் "ப" என்று தட்டினார். உடனே உன் அசிஸ்ட், என் லேப் பாடக்குறிப்பிலிருந்து "பரிசோதனை" என்று வெளிறிய எழுத்தில் எடுத்து நீட்டியது. உன் அப்பா திரையைப் பார்த்து, "போலே அங்கிட்டு" என்றார். அது மட்டும் எவ்வளவு தெளிவாக வந்தது என்கிறாய். நான் அதை நிறுத்தலாம் என்று தேடினால், பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல் என்று எங்கோ கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். லேப் மேடம் எனக்கே அத்தனை நேரம் பிடித்தது. நிறுத்திக் கொடுத்தேன். அதன்பிறகு வெளிச்சம் சாய்கிற வரைக்கும் அவர் தட்டினார். தப்பான எழுத்து வந்தால் அவரே அழித்தார். நான் பக்கத்தில் இருந்தேன், ஆனால் திரையைப் பார்க்கவில்லை. காபி போட்டு வைத்தேன், ஆறிப்போயிற்று, மறுபடியும் போட்டேன்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். விரல் நிற்பது மாட்டிக்கொண்டதாலா, யோசிப்பதாலா என்று உங்கள் அசிஸ்டுக்குத் தெரியாது. கூடவே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கே தெரியவில்லை. அதனால் கேட்டால் மட்டும் கொடுக்கிற மாதிரி ஒரு வழி வையுங்கள். ஒரே ஒரு விசை, அதை அமுக்கினால் அசிஸ்ட் வாயை மூடிக்கொள்ள வேண்டும், மறுபடி அமுக்குகிற வரைக்கும் திறக்கக் கூடாது. அந்த விசை இடது கை மட்டும் உள்ளவருக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். புதிதாக எழுத வருகிற பிள்ளைகளுக்கு முதலில் அந்த விசையைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. காளீஸ்வரி மாங்காய்க் கணக்கை மறுபடியும் ஆரம்பித்திருக்கிறாள், எந்த மரத்துக்கு அவள் வீட்டில் என்ன பெயரோ அதையே வைத்திருக்கிறாள். உன் கூட்டாளிகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

தையில் மணவறையில் அப்பா ஏதாவது பேச வாய் திறந்தால் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. உன் மாமனிடம் நீ சொல்லிவிடு, நான் சொன்னால் கோபித்துக்கொள்வான். முகூர்த்த நேரம் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினாலும் சரி. அதற்கு முன்னால் இன்றைக்கே அப்பாவுக்குப் போன் பண்ணு. அவர் பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கும் உன்னை அனுப்ப மனசில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பனியில் என் பிள்ளை எப்படி இருப்பானோ என்று இப்போதே கம்பளி விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நீ போக வேண்டும், நிவேதா கெட்டிக்காரப் பெண், அவள் கூட நீ இருப்பதுதான் சரி.

கீழே இருப்பது அன்று உன் அப்பா தட்டியது. சபையில் சொல்ல நினைத்தது ஒரு வரி. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நிறுத்தினாரே, அது இன்னொரு வரி. நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

பரியம் உங்களுக்கு எங்க பையனும் உங்களுக்கு

நீ போயிட்டு வா